தாலி ஏறியபோது கேட்ட குரல்

ஒரு வாரமாக எனக்குச் சரியான தூக்கமில்லை. கொசு காரணமில்லை, கரன்ட் கட்டும் காரணமில்லை. ஒரு கல்யாண சி.டி.

நான் பேசி முடித்த சம்பந்தம் அது. பெண் கயல்விழி, சேலையூரில் எங்கள் எதிர் ஃபிளாட் செல்வமணியின் மகள். சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. மாப்பிள்ளையின் அப்பா வரதராஜனுக்குப் படப்பையில் ஹார்டுவேர் கடை. இருவருமே எனக்கு வேண்டியவர்கள். அதுதான் வம்பு.

பத்திரிகை அடிக்கும்போது ஆரம்பித்தது.

“அக்கினி, மந்திரமெல்லாம் ஆரியர்கள் கொண்டாந்தது சார். என் பொண்ணுக்குத் தமிழ்லதான் கல்யாணம்” என்றார் செல்வமணி.

“எங்க தாத்தாவுக்கும் ஐயர் வெச்சுதான் கல்யாணம். அப்ப அவரு இன்னா, தமிழர் இல்லியா?” என்றார் வரதராஜன்.

அந்தக் காலத்தில் யார் வந்தார்கள், யார் சடங்கைக் கொடுத்தார்கள், யார் வாங்கிக்கொண்டார்கள்... தினமும் என் வீட்டு ஹாலில்தான் விவாதம். கல்யாணமே நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம். ஒருநாள் கயல்விழி எட்டிப் பார்த்தாள்.

“அங்கிள், மண்டபத்துக்கு நாங்க வரணுமா, இல்ல இவங்க ரெண்டு பேருமே பாத்துப்பாங்களா?”

சிரித்தபடிதான் கேட்டாள். ஆனால் கண் கலங்கியிருந்தது.

கடைசியில் ஒரு சமரசம். ஐயரும் இருப்பார், தமிழில் வாழ்த்துப் பாட ஓதுவாரும் இருப்பார். சரி... தாலி ஏறும் நொடியில் யார் குரல்? அதை மட்டும் இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை.

தாம்பரம் மண்டபம். முகூர்த்த நேரம். ஐயர் ஒரு பக்கம், ஓதுவார் மறுபக்கம். மாப்பிள்ளைக்குப் பின்னால் வியர்த்து விறுவிறுத்து நான். அவர் தாலியைக் கையில் எடுத்ததும், நான் ஏற்பாடு செய்திருந்த வீடியோக்காரர் கையை உயர்த்தினார்.

“ஒரு நிமிஷம் சார். அப்பாங்க ரெண்டு பேரும் மேளத்துப் பக்கம் தள்ளி நில்லுங்க, மறைக்குது. ஐயரே, ஓதுவாரே, கொஞ்சம் நிறுத்துங்க.”

அவர் சொன்னபடி எல்லோரும் கேட்டார்கள் என்பதுதான் ஆச்சரியம். அப்பாக்கள் நகர்ந்தார்கள். மந்திரம் நின்றது. தமிழும் நின்றது.

“ரெடி... கட்டுங்க” என்றார் வீடியோக்காரர். மாப்பிள்ளை கட்டினார். கெட்டிமேளம் காதைப் பிளந்தது.

“தமிழ்தான் கேட்டுச்சு” என்றார் செல்வமணி, பந்தியில்.

“மந்திரந்தான் சார்” என்றார் வரதராஜன்.

“சி.டி. வரட்டும், தெரிஞ்சிடும்.” இதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

கண்ணெதிரே நடந்த கல்யாணத்திலேயே எது கேட்டது என்று நமக்குத் தெரியவில்லை. எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நடந்ததற்கு மட்டும் சம்பந்தத்தையே முறிக்கத் தயாராக இருக்கிறோம்... இதை அவர்களிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. சி.டி.யில் வீடியோக்காரர் குரல் மட்டும் கணீரென்று கேட்டால்? ‘இது என்ன கல்யாணம்’ என்று மறுபடி கிளம்பினால்? புகுந்த வீட்டில் அந்தப் பெண் அல்லவா நடுவில் மாட்டிக்கொள்வாள்?

நேற்று வீடியோக்காரரிடமிருந்து போன்.

“சார், தாலி கட்டுற சீன்ல ஒரிஜினல் சவுண்டை எடுத்துட்டு சினிமா பாட்டுதான் போடுவோம். எந்தப் பாட்டு போடட்டும்?”

“எதையாவது போடுப்பா... ஆனா சத்தமாப் போடு.”