மூன்று பக்கம் அடைத்தால் கூரை பறக்கும்

காற்றுக்குக் கணக்குப் போட்டுப் பிழைக்கிறவள் நான்; கள்ளக்குறிச்சியில் கட்டடப் பொறியாளர். நாலு கால் நட்டு மேலே தகரம் போட்டுவிட்டு, வானம் கறுக்கும்போதெல்லாம் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும் உங்களுக்கு என் பாடு புரியும்.

தூசுக்குத் தடுப்பு

உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலை ஓரம் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் கூப்பிட்டிருந்தார். நாலு பக்கமும் திறந்த கொட்டகை. லாரித் தூசு இலையில் விழுகிறதென்று மூன்று பக்கம் தகரம் அடிக்கப்போகிறாராம். வேண்டாம் என்றேன். திறந்து கிடந்தால் காற்று இப்படி வந்து அப்படிப் போய்விடும். மூன்று பக்கம் அடைத்தால், உள்ளே நுழைந்த காற்று போக வழியில்லாமல் கூரையைத் தூக்கும். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கதவத் தொறந்து போட்டா திருடன் ஒண்ணும் பண்ணாம போய்டுவான்றீங்க, அப்டித்தானே மேடம்?"

பாதிச் சுவர்

கல்வராயன் மலையில், சரிவின் விளிம்பில் ஒரு சந்தைக் கொட்டகை. இடுப்பளவுக்கு மட்டும் தகரச் சுவர். பாதிச் சுவருக்குப் பாதிக் காற்றுதானே என்று ஒப்பந்தக்காரர் தூணுக்கு மெல்லிசான குழாய்களை இறக்கியிருந்தார். சரிவில் ஏறிவரும் காற்றுக்கு விளிம்பில் வேகம் ஜாஸ்தி. தகரத்தை ஒரு புறம் தள்ளும், மறுபுறம் இழுக்கும். இரண்டையும் அந்தக் குழாய்தான் தாங்கவேண்டும். மாற்றாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். குழாய்களைத் திரும்ப லாரியில் ஏற்றிக்கொண்டே கேட்டார்:

"நீங்க கொட்டாய்க்குக் கணக்கு போட்டீங்களா, மலைக்கே போட்டீங்களா?"

மக்காச்சோளம்

எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி, தன் சோளக் கொட்டகைக்குச் சுவர் வைக்கலாமா என்று கேட்டிருந்தார். நான் போன அன்று மேற்கைத் தவிர மற்ற மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டியிருந்தார். உள்ளே செல்வி என்ற கூலிக்காரப் பெண், சணல் அறுக்க ஒரு அரிவாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மேற்கு கறுத்து, காற்று உள்ளே பாய்ந்தது. தார்ப்பாய்கள் வயிறு மாதிரி உப்பின. கூரை முனகியது. என் பக்கத்துத் தூண் தரையை விட்டு எழும்பி, 'ணங்'கென்று உட்கார்ந்தது. வெளியே ஓட முடியாது; எதிர் வீட்டு ஓடுகள் பறந்து விழுந்துகொண்டிருந்தன.

"செல்வி, கெழக்குப் பக்கம் கயித்த அறு!" என்று கத்தினேன்.

"அறுக்காத! சோளம் நனைஞ்சிடும்! அறுத்தா நாளிக்கு வேலைக்கு வராத!" என்று அவர் கத்தினார்.

கையில் அரிவாளோடு செல்வி என்னைப் பார்த்தாள். என் கணக்கு தப்பென்றால் அந்தக் கூரை விழப்போவது அவள் மேலும்தான். ஆனாலும் ஓடிப்போய் ஒரு முனை முடிச்சை இழுத்தேன். அவள் மறுமுனையை அறுத்தாள். தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு பறக்க, காற்று அந்த வழியே போனது. தூண் அப்புறம் எழும்பவில்லை.

சோளம் பாதி நனைந்துவிட்டது. மறுநாள் அதைக் காயப்போட ஆள் வேண்டுமே, செல்வியை அவரே கூப்பிட்டனுப்பினார். எனக்கும் போன் செய்தார்:

"கூரைதான் எங்கியும் போவலியே, அப்பறம் இன்னாத்துக்குங்க தார்ப்பாய அறுத்தீங்க?"

கணக்கு தப்பினால் ஊரே திரண்டு வந்து பார்க்கும், சரியாக இருந்தால் ஒன்றுமே நடக்காது என்பதால், இந்தத் தொழிலில் நல்ல பெயர் வாங்க இதுவரை எனக்கு வழி தெரியவில்லை.