அறிந்த நாள்

நீதிமன்றப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவனின் வீட்டுக்கு யாரும் சும்மா வருவதில்லை. சுகம் விசாரித்து முடிப்பதற்குள் பையிலிருந்து ஒரு கடித உறை வெளியே வந்துவிடும். காணி எல்லை, பிறப்புச் சான்றிதழில் பிழை, மகனுக்குப் பிணை. சென்ற வருடம், கடல் கொந்தளிக்கும் சோளகக் காற்றுக் காலத்தில் நெடுந்தீவிலிருந்து என் தங்கையின் மகளும் அவள் கணவனும் வேலணைக்கு வந்தபோது உறை சற்றுப் பெரிதாக இருந்தது. உள்ளே எக்ஸ்ரே படம்.

அவர்களுக்கு ஒரே பெண்பிள்ளை. வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை. இரண்டாவது பிள்ளை வரவில்லை என்று யாழ்ப்பாணத்தில் சாயம் ஏற்றிப் படம் எடுத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்த வைத்தியர், கருக்குழாய்கள் கட்டப்பட்டிருக்கின்றன, முதல் பிரசவத்தின்போதே செய்திருக்க வேண்டும் என்றாராம். கணவன் பிரசவம் நடந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சண்டை பிடித்திருக்கிறான். கருப்பை கிழியும் நிலை, ஒப்பரேசன் மேசையில் வைத்துக் கேட்டோம், அவ ஓம் என்றவ என்பது அவர்கள் பதில். இவளுக்கு வெளிச்சமும் குளிரும்தான் ஞாபகம்.

"மாமா, இதை விடக்கூடாது," என்றான் அவன். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்பவன். எதையும் எழுத்தில் கேட்டுப் பழகியவன்.

"மகள் இப்ப எத்தினையாம் ஆண்டு?"

"பள்ளிக்கூடத்தில ரெண்டாம் ஆண்டு. ஏழு வயசு."

"அப்ப சரி. நட்டஈட்டு வழக்குக்கு ரெண்டு வருசம்தான். அது போய்ச் சேர்ந்திட்டுது."

"விலக்கு ஒண்டும் இல்லையோ?"

"இருக்கு. சிறுபிள்ளையள், சித்தசுவாதீனம் இல்லாத ஆக்கள், கடல் கடந்து இருக்கிற ஆக்கள்."

"கடல் கடந்தோ? நாங்கள் நெடுந்தீவு, மாமா! இப்பவும் கடல் கடந்துதானே வந்தனாங்கள். வரேக்க வள்ளத்தில குடலைப் பிரட்டி ரெண்டு தரம் சத்தி எடுத்தனான்."

"நாட்டை விட்டுப் போன ஆக்களைச் சொல்லுது, தம்பி. உம்மட சத்திக்கெல்லாம் சட்டம் இரங்காது."

அவனும் சிரித்தான். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் பதவியை விட்டாலும் பழக்கம் விடாதே. விஷயத்தை மறைத்து வைத்திருந்தால், நடந்த நாளை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவர் அதை அறிந்த நாளிலிருந்து காலத்தை எண்ணவேண்டும் என்று வாதாட இடமுண்டு என்றேன். படம் எடுத்தது அந்த வருடத் தைப்பொங்கலுக்குப் பிறகு. காலம் தாராளமாக இருந்தது. அவன் முகம் தெளிந்தது. எனக்கும் உள்ளூர ஒரு குளிர்ச்சி. அவள் மட்டும் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே திரும்பியிருப்பார்கள். காற்று விடவில்லை. குறிகட்டுவான் துறையில் வள்ளத்தை நிறுத்திவிட்டார்கள். மறுநாளும் இல்லை. என் வீடு சின்னது. சாப்பாட்டுக்கு இருந்தால் வழக்கு, கிணற்றடிக்குப் போனால் வழக்கு. பிரசவம் பார்த்த டொக்டரைக் கூண்டில் ஏற்றி என்னென்ன கேட்பது என்று அவன் முற்றத்தில் உலாவியபடி ஒத்திகை பார்த்தான். யன்னலைத் திறந்தால் மண் வந்தது. மூடினால் அவன் குரல் வீட்டுக்குள்ளேயே சுற்றியது.

மூன்றாம் நாள் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுகத்தில் விசாரித்து வரப் போனான். அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் தாளும் பேனையுமாகப் போய்க் கதிரையில் இருந்தேன்.

"பிள்ளை, அறிந்த நாள் எண்டு படம் எடுத்த நாளை எழுதட்டோ?"

அவள் துருவுவதை நிறுத்தவில்லை. "மாமா, எனக்கு முந்தியே தெரியும்."

"எப்ப?"

"தையல் வெட்டப் போன அண்டைக்கு. ஒரு நேர்ஸ் சொன்னவ, இனிப் பயமில்லை, ரியூப் கட்டியாச்சு எண்டு. நான் தலையாட்டிப்போட்டு வந்திட்டன்."

"ஏன் அவரிட்டைச் சொல்லேல்லை?"

"முதல் நம்பேல்லை. பிறகு அவற்ற அம்மா, ரெண்டாம் பிள்ளை வேணுமெண்டு நயினாதீவு அம்மனுக்குத் தொட்டில் கட்டுறன் எண்டு நேத்தி வைச்சிட்டா. அவர் பிள்ளையைத் தோளில வைச்சுக்கொண்டு கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிக்கேக்க என்னெண்டு சொல்லுறது? ஒரு வருசம் சொல்லேல்லை. அடுத்த வருசம் சொன்னால், போன வருசம் ஏன் சொல்லேல்லை எண்டு கேள்வி வரும். ஒவ்வொரு வருசமும் தொட்டில் கட்டினவை, மாமா. நானும் பிடிச்சுக் குடுத்தனான்."

காலம் கடந்த வழக்குகள் எத்தனையோ என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன. எப்படிக் கடந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. பதிவாளரிடம் நாளை மட்டும்தான் சொல்வார்கள்.

உண்மையை எழுதினால் வழக்கு அந்த இடத்திலேயே விழும். ஏன் விழுந்தது என்று கணவனுக்கும் மாமியாருக்கும் தெரியவரும். பிறகு அந்த வீட்டில் அவள் இருப்பது எப்படி? பொய்யை எழுதினாலோ, எதிர்த்தரப்பு அந்த நேர்ஸைக் கூப்பிட்டால் போதும். அவ இன்னும் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலையாம்.

எனக்குத் தெரிந்த கடைசி வழியையும் சொல்லிப் பார்த்தேன். "பிள்ளைப்பெறுவுக்குப் பிறகு கன பேருக்கு மனநிலை சரியாய் இருக்கிறேல்லை. அந்தக் காலம் முழுக்கச் சித்தசுவாதீனம்…"

"விசரி எண்டு எழுதப் போறியளோ?"

"அப்பிடி எழுதுறேல்லை."

"நல்ல பேராய் வைச்சு எழுதுவியள், தெரியும். எனக்கு விசர் இல்லை, மாமா. எல்லாம் வடிவா விளங்கினது. அதுதான் கரைச்சல்."

சைக்கிள் சத்தம் கேட்டது. நாளைக்கு வள்ளம் ஓடுமாம் என்று சொல்லியபடி அவன் வந்தான். வழக்கு நிற்காது, ஒப்பரேசன் நாளிலிருந்துதான் கணக்கு என்றேன்.

"முந்தநாள் வேற மாதிரிச் சொன்னியள்?"

"முந்தநாள் ஞாபகத்தில சொன்னனான். இண்டைக்குப் புத்தகத்தைப் பாத்தனான்."

"அப்ப இவ்வளவு காலமும் கோட்டில என்ன செய்தனீங்கள்?"

"கதிரையைச் சூடாக்கினனான்."

இந்த முறை அவன் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரி ஆக்கள் ஆரும் உங்களோட கதைச்சவையோ?" என்று கேட்டான். வாழ்நாளில் ஒருவரிடமும் ஒரு பிளேன்ரீ வாங்கிக் குடிக்காத எனக்கு இது. நான் எழுந்து தாளையும் பேனையையும் உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அதுவே அவனுக்குப் பதிலாகிவிட்டது.

அடுத்த கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்துவிட்டான். "நீங்களும் வாங்கோ, மாமா," என்று அவள் தொலைபேசியில் கேட்டாள். போனேன். சட்டத்தரணி கெட்டிக்காரர், வேண்டாததெல்லாம் கேட்கவில்லை. நேராக அவளைப் பார்த்து, "உங்களுக்கு இது எப்ப தெரியவந்தது?" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள்.

"படம் எடுத்த அண்டைக்குத்தான்," என்றான் கணவன்.

சட்டத்தரணி எழுதினார். அவள் திறந்த வாயை மெல்ல மூடிக்கொண்டு, அவருடைய பேனையின் முனையைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமினேன். மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். தண்ணீர் கேட்டேன்.

அதன்பின் எல்லாம் முறைப்படி நடந்தது. எதிர்த்தரப்பு மறுமொழி போட்டது. எல்லாம் அவளுக்கு அப்போதே தெரியும், காலம் கடந்துவிட்டது என்று. "பாத்தியளோ, என்ன பொய்!" என்று அவன் கொதித்தான். இனி அவள் கூண்டில் ஏறவேண்டும். சத்தியம் செய்துவிட்டு அதே கேள்விக்குத் தன் வாயால் பதில் சொல்லவேண்டும். அங்கே குறுக்கே பதில் சொல்ல ஒருவனையும் விடமாட்டார்கள்.

வேலையில் இருந்தபோது, வழக்கை ஒத்திவைக்கத் தவணை கேட்கும் சட்டத்தரணிகளை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. இப்போது நீதிமன்றத்தின் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் வாயையே பார்க்கிறேன். ஒருநாள் நீதிபதி விடுமுறை. ஒருநாள் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குக் காய்ச்சல். வழக்குப் போடத்தான் காலம் குறித்திருக்கிறார்கள். முடிக்க ஒருவரும் குறிக்கவில்லை. நல்லவேளை.

போன தவணையில் அவளுடைய பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு என் பக்கம் ஒருதரம் திரும்பினாள். அந்த நேரம் பார்த்து, ஆஸ்பத்திரிக் கோப்பு இன்னும் வந்து சேரவில்லை என்று எதிர்த்தரப்பு சொன்னது. மூன்று மாதத் தவணை.

வெளியே வந்ததும் அவன் வாசல் படியைக் காலால் உதைத்தான். "வேணுமெண்டு இழுக்கிறாங்கள், மாமா!"

"ஓம் தம்பி, இழுக்கிறாங்கள்," என்றேன்.

அவள் எங்கள் இருவருக்கும் பின்னால் நின்றாள். பசிக்கிறது, எங்கேயாவது சாப்பிடுவோம் என்றாள்.