கழுவாத காளிராஜ்

சேதி வந்தபோது அருப்புக்கோட்டை பஜாரின் டீக்கடைகளில் முதல் பால் பொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்த ஆபீஸ் போனை எடுத்த முருகலட்சுமி, பேசுவது யார் என்றுகூடக் கேட்கவில்லை. குமாரலிங்கபுரத்துச் சாவு வீட்டிலிருந்துதான் மறுபடியும் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாள்.

"அவுக இருட்டோட கிளம்பிட்டாக. வர்ற வரைக்கும் வீட்டக் கழுவிராதீக."

"அக்கா, நான் பாலவனத்தம் மாரிசெல்வம். பால் வண்டி ஓட்டுறவன். அண்ணே ஸ்கூட்டரு இங்கன ரோட்டோரம் நிக்குது. அதுல எழுதியிருக்க நம்பரப் பாத்துக் கூப்பிடுறேன். அண்ணே வேப்ப மரத்தடியில குப்புறக் கெடக்காக. நாயி பக்கத்துல நெருங்க விடமாட்டேங்குது. மூச்சு இல்லக்கா."

அழுகை வரவில்லை. வாய் தன்னால் பேசியது. "மரத்தச் சுத்தி ஒருத்தரையும் மிதிக்க விடாத. நின்ன எடத்துலயே நில்லு. இந்தா வாரேன்."

அது அவள் பேச்சில்லை, அவளுடைய கணவர் காளிராஜின் பேச்சு. போனில் அவர் சொல்லக் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டது.

காளிராஜ் போலீஸ் நாய்ப் படையில் இருந்தவர். சென்னையில் பயிற்சியில் இருந்தபோது ஊரில் அவருடைய அண்ணன் கிணற்றில் பிணமாக மிதந்தார். கால் தவறி விழுந்தார் என்றார்கள். காளிராஜ் வந்து சேர்வதற்குள் பிணத்தை எடுத்து, வழக்கம்போல வாசல் முதல் அடுப்படி வரை கழுவிவிட்டிருந்தார்கள். உடுத்திய துணியெல்லாம் சுடுகாட்டுக்குப் போய்விட்டது. மோப்பம் பிடிக்க மிஞ்சியது சாணித் தண்ணீர் வாசம்தான். விழுந்தாரா, தள்ளினார்களா? கடைசிவரை தெரியவில்லை. அந்தத் தெரியாமை அவரை உட்காரவிடாமல் அரித்தது. வேலையை விட்டுவிட்டு, பருத்திக்கொட்டைக் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் என்று போர்டு மாட்டினார்.

வயிற்றுப்பாட்டுக்கு மாப்பிள்ளை விசாரிக்கிற வேலை. ஆனால் எங்கேயாவது சந்தேகச் சாவு என்றால் சோற்றில் வைத்த கையோடு எழுந்துவிடுவார். அவருடைய நாய் பிச்சி அவருக்கு முன்னால் வண்டியில் ஏறியிருக்கும். செவலை நிறம், பாதி சிப்பிப்பாறை, பாதி தெருநாய். ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடம் அதனுடையது.

அவருக்கு 'கழுவாத காளிராஜ்' என்று பட்டப்பெயர்.

"அண்ணே, இன்னைக்காச்சும் குளிச்சீகளா?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

"நான் குளிப்பேன்லே. ஒன் வீட்டத்தான் கழுவ விடமாட்டேன்."

பரளச்சியில் ஒச்சம்மாள் என்ற விதவை கிணற்றில் செத்துக் கிடந்தபோது, மகள் காளீஸ்வரி அவர் சொன்னபடியே வாசலில் குறுக்கே உட்கார்ந்து, தண்ணீர்க் குடத்தோடு வந்தவர்களை மறித்தாள். பிச்சி ஒச்சம்மாளின் தலையணையை மோந்தது. கிணற்றுப் பக்கம் போகவில்லை. சீமைக்கருவேலங் காட்டுக்குள் நுழைந்து, பழைய கரிமூட்டத்துச் சாம்பலைக் கிளறி ஒச்சம்மாளின் ஒற்றைச் செருப்பை எடுத்தது. பிறகு சாவு வீட்டுக்கே திரும்பி, கூட்டத்திலேயே பெரிதாக அழுதுகொண்டிருந்த கொழுந்தன் மகன் பாண்டீஸ்வரனின் காலடியில் படுத்துக்கொண்டது. "நாயி படுத்தாச் சாட்சி ஆகாது" என்று காளிராஜ் செருப்பை மட்டும் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். போலீஸ் தேடியபோது ஒச்சம்மாளின் தோடு, பாண்டீஸ்வரன் வீட்டு மிளகாய் மூட்டைக்குள் கிடைத்தது.

அந்தப் பாண்டீஸ்வரன் இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறான். "ஆளையும் நாயையும் ஒரே குழியில வைப்பேன்" என்று அவன் சொல்லித் திரிந்தது முருகலட்சுமியின் காதுக்கும் வந்திருந்தது. தம்பி உதயகுமாரின் பைக்கில் பாலவனத்தம் போகிற வழியெல்லாம் அந்த ஒரு பேச்சுத்தான் அவளுக்குள் ஓடியது.

காளிராஜின் நெற்றியில் ரத்தம். பக்கத்துக் கல்லிலும் ரத்தம். அவள் குனிந்து அவரைத் தொடவில்லை. பிச்சியின் கழுத்தில் கயிற்றை மாட்டி, அவர் சொல்கிற மாதிரியே சொன்னாள். "தடம் பாரு."

பிச்சி நேராக மாரிசெல்வத்திடம் போய், அங்கிருந்து பால் வண்டிக்கு இழுத்தது.

"ஆத்தி! அது என் தடம்க்கா. நான் பாவம்!"

"தெரியும். பேசாம நில்லு."

மறுபடியும் விட்டாள். வேறு ஆள் வந்து போயிருந்தால் பிச்சி ஓடும். ஓடவில்லை. ஸ்கூட்டரிலிருந்து மரத்துக்கு வந்தது. மரத்தைச் சுற்றியது. அவருடைய செருப்பின்மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டது. வேருக்குப் பக்கத்தில் அதன் அலுமினியக் கிண்ணத்தில் தண்ணீர் தளும்பாமல் நின்றது. வண்டியை ஸ்டாண்டு போட்டு, நாய்க்குத் தண்ணீர் ஊற்றி வைத்த பிறகுதான் விழுந்திருக்கிறார்.

"யாருமே வரலையா? நல்லாப் பாரு, கழுத! நல்லாப் பாரு!"

பிச்சி எழுந்திருக்கவில்லை.

"போதும்க்கா. நெஞ்சுவலிதான், வேற ஒண்ணுமில்ல" என்றான் உதயகுமார். பெரியாஸ்பத்திரி டாக்டரும் பிறகு அதையேதான் சொன்னார்.

கொன்றவன் ஒருவன் இருந்திருந்தால் அவன் பின்னால் அலைந்திருக்கலாம். இப்போது அலையவும் வழியில்லை.

மறுநாள் அவரை எடுத்த பிறகு பெண்கள் குடத்தோடு வாசலில் நின்றார்கள். ஒருத்தியும் உள்ளே வரவில்லை. நாத்தனார் முருகேஸ்வரிதான் மெல்லக் கேட்டாள்.

"மதினி, கழுவலாமா?"

"கழுவுங்க. இங்க பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல."

தண்ணீருக்கு முன்னால் பிச்சி நடந்தது. ஒவ்வொரு அறையாக, ஈரம் வருவதற்குள் மூலை முடுக்கெல்லாம் மோந்துவிட்டு அடுத்த அறைக்கு ஓடியது. கடைசியில் தெருவில் நின்று, நனைந்த வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

முருகலட்சுமிக்கு இன்னும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போகிறாள், மாடிக்குப் போகிறாள், எதற்குப் போனோம் என்று தெரியாமல் இறங்குகிறாள். ஆபீஸ் போன் அடித்தால் பிச்சி ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

அடிப்பது குமாரலிங்கபுரத்து நம்பர். மகளைப் பறிகொடுத்த அந்த வீட்டில், அவர் சொன்னதற்காக ஒரு அறையைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். அதைக் கழுவிக்கொள்ளலாம் என்றோ கூடாது என்றோ இதுவரை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.