அவளுக்காகக் கேட்க ஆட்கள் இருந்தார்கள்

தொண்ணூறுகளின் நடுவில் கனடாவில், ஸ்காபரோவில், ஹோட்டல் துணிகள் வெளுக்கும் ஒரு லோண்ட்ரியில் வேலை செய்தேன். கட்டில் விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, தள்ளி நின்று உதறி, பிறகு கிட்ட வந்து மூலைகளைச் சேர்க்க வேண்டும். எனக்கு எதிரே பிடித்தவள் மத்திய அமெரிக்காவில் ஒரு சின்ன நாட்டுக்காரி. என் வயதுதான். அவளுடைய மகனைக் காணவில்லை. என்னுடைய மகனையும் காணவில்லை. அவளுடையது எனக்குத் தெரியும், என்னுடையது அவளுக்குத் தெரியாது.

மகனின் படத்தை அவள் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டையில் குத்திக்கொண்டு வேலைக்கு வருவாள். யார் கேட்டாலும் சொல்வாள்: இராணுவம் பிடித்துக்கொண்டு போனது, திருப்பித் தரவில்லை. சுப்பவைசருக்கும் சொல்வாள், பஸ் ஓட்டுபவருக்கும் சொல்வாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் முன்னால் அழுவாள். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டுச் சாப்பிடுவாள். எனக்கு அந்தப் படத்திலும் பொறாமை, அந்த அழுகையிலும் பொறாமை.

எங்கள் வீட்டில் அதை வாயால் சொல்லக்கூடாது. மகன், நாங்கள் ஸ்பொன்சர் செய்த விசாவுக்காகக் காத்துக்கொண்டு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தான். பொலிசும் இராணுவமும் செய்த ஒரு சுற்றிவளைப்பில் விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். பிறகு பொலிசில் கேட்டாலும் முகாமில் கேட்டாலும், அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்றார்கள். கல்யாணவீடுகளில் யாராவது, "தம்பி எங்கை, இன்னும் வரேல்லையோ?" என்று கேட்டால், "கொழும்பிலை நிக்கிறான்" என்று சொல்ல வேண்டும் என்பது என் கணவரின் கட்டளை. மகளும் அப்படியே சொல்லப் பழகியிருந்தாள். பட்டுச் சேலையோடு சிரித்துக்கொண்டு நானும் அப்படியே சொல்வேன்.

ஒருநாள் விரிப்பை உதறிக்கொண்டே அவள் தான் வாஷிங்டன் போகப்போவதாகச் சொன்னாள். அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு மனித உரிமை ஆணைக்குழு இருக்கிறதாம். சொந்த நாட்டில் நீதி கிடைக்காதவர்கள் அங்கே முறையிடலாம். அதற்கு மேலே ஒரு நீதிமன்றமும் உண்டு. இவளுடைய முறைப்பாட்டை விசாரணைக்கு எடுத்துவிட்டார்கள். பதில் சொல்ல அவளுடைய அரசாங்கம் ஆள் அனுப்ப வேண்டும். பாதி ஆங்கிலத்திலும் பாதி கையாலும் இவ்வளவையும் சொன்னாள். நான் நல்லது என்றேன். அந்த விரிப்பின் மூலைகள் சரியாகச் சேரவில்லை, திருப்பி உதற வேண்டியிருந்தது.

நான் ஊரில் புவியியல் படிப்பித்தவள். வீட்டுக்கு வந்து சமைக்கும்போது மூளையில் ஒன்று பளிச்சென்று பட்டது. கனடாவும் அமெரிக்கக் கண்டத்தில்தானே இருக்கிறது? லைப்ரரியில் போய்ப் பார்த்தேன். அந்த நாடுகளின் அமைப்பில் கனடாவும் சேர்ந்திருந்தது. நான் கனடாவில் இருக்கிறேன், ஆகவே அந்த ஆணைக்குழு எனக்கும் சொந்தம். சரியான விடை கண்டுபிடித்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சந்தோஷப்பட்டேன். கணவருக்குச் சொல்லாமல், மகனின் பிறப்புச் சான்றிதழையும் இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு இலவச சட்ட உதவி நிலையத்துக்குப் போனேன். அங்கே உதவிக்கு இருந்தது சட்டம் படிக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளை. முழுவதையும் கேட்டாள். உள்ளே போய் வக்கீலோடு பேசிவிட்டு வந்தாள்.

"அன்ரி, நீங்கள் எங்கை இருக்கிறீங்கள் எண்டதில்லை விசயம். மகனைக் கனடாவோ பிடிச்சது? ஆர் பிடிச்சதோ அந்த நாடுதான் உதிலை மெம்பரா இருக்கோணும்."

"அப்ப எங்கடை பக்கத்துக்கு எது?"

அவள் பேனையை உருட்டினாள். "யூரோப்புக்கு ஒரு கோர்ட் இருக்கு. ஆபிரிக்காவுக்கு ஒரு கொமிஷன் இருக்கு."

"ஏசியாவுக்கு?"

"சொறி அன்ரி. ஒண்டும் இல்லை."

உலகத்திலேயே பெரிய கண்டம் ஆசியா என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான்.

ஆனால் ஐ.நா.வில், காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கும் ஒரு குழு இருக்கிறது என்று அவள் சொன்னாள். எந்த நாட்டைப் பற்றியும் அதற்கு எழுதலாம். அது அரசாங்கத்தைக் கேட்கும். பதில் சொல்லத்தான் வேண்டும் என்று அதனால் கட்டாயப்படுத்த முடியாது. அன்றைக்கே எழுதுவோமா என்று கேட்டாள். நான் கணவரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழும்பிவிட்டேன்.

அவரிடம் சொன்னேன். "காணாமல் போனவன் எண்டு எழுதிக் குடுத்தா, அவன் இல்லை எண்டு நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. பேசாமல் இரும்" என்றார். பேசாமல் இருந்தேன்.

என்னோடு விரிப்பு மடித்தவள் வாஷிங்டன் போய்விட்டாள். அவளுடைய இடத்தில் ஒரு பஞ்சாபிப் பெட்டை வந்து விரிப்புப் பிடித்தாள். எனக்குக் கை வேலையில் இருந்தது, மனம் வாஷிங்டனில் இருந்தது. அந்த அரசாங்க ஆட்கள் வராமல் விடட்டும், அவளும் வெறுங்கையோடு திரும்பட்டும் என்றுகூட நினைத்தேன். அவள் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை.

திரும்பி வந்தவளின் முகம் அழுது வீங்கியிருந்தது. விரிப்பு மடித்துக்கொண்டே அங்கே நடந்ததைச் சொன்னாள். நடுவில் ஆணைக்குழு ஆட்கள், ஒரு பக்கம் அவளும் வக்கீலும், எதிர்ப்பக்கம் கோட் போட்ட மூன்று அரசாங்க ஆட்கள். அவர்களில் ஒருவன் எழும்பி, அவளுடைய மகன் தன் விருப்பத்தில் மெக்சிகோவுக்குப் போய்விட்டான், அங்கே குடும்பமாக இருக்கிறான் என்று சொன்னானாம்.

"என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னான்" என்றாள். அவள் விரிப்பை உதறிய வேகத்தில் என் பக்க மூலைகள் கையை விட்டு நழுவப் பார்த்தன.

அவளைத் தேற்றுவதற்குத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "உனக்குப் பொய் சொல்லவாவது ஒருவன் பிளேன் ஏறி வந்திருக்கிறான். எனக்கு அதுகூட இல்லை."

"உனக்கு எதற்கு?"

சொன்னேன். லொட்ஜ், சுற்றிவளைப்பு, அவனுடைய பெயர், எல்லாம். கனடாவுக்கு வந்த பிறகு வீட்டு ஆட்களையும் அந்தச் சட்டப் பிள்ளையையும் தவிர யாருக்கும் சொல்லாததை, மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னேன். அவள் தன் பக்க மூலைகளை விட்டுவிட்டாள். வெளுத்த விரிப்பு நிலத்தில் கிடந்தது.

"இவ்வளவு நாளும் என்னைத் தனியே அழவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாயா?"

அன்று மிச்ச நேரம் முழுக்க அவள் அந்தப் பஞ்சாபிப் பெட்டையோடு போய் விரிப்பு மடித்தாள். கோபப்பட அவளுக்கு உரிமை இருந்தது.

வேலை முடிந்து வந்து, வேலை இடத்தில் மகனைப் பற்றிச் சொல்லிவிட்டேன் என்று கணவரிடம் சொன்னேன். ஏசுவார் என்று பார்த்தேன். அவர் அவளுடைய கதையைத்தான் கேட்டார்.

"மெக்சிகோவிலை குடும்பமா இருக்கிறான் எண்டோ சொன்னவன்?"

"ஓம்."

"அவள் நம்பினவளோ?"

"இல்லை."

கதவைப் பார்த்தார். "எனக்கு வந்து அப்பிடிச் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பன்."

சனிக்கிழமை இருவரும் ஐ.நா.வுக்கு எழுத அந்தச் சட்டப் பிள்ளையிடம் போனோம். அவள் கேட்கக் கேட்க, எல்லாப் பதிலையும் அவரே சொன்னார். என்னைப் பேச விடவில்லை.

ஐ.நா. கேட்டது. பதில் வரவில்லை. திருப்பியும் கேட்டதாகத் தகவல் வந்தது. எனக்கு எதிரே விரிப்புப் பிடித்தவளின் வழக்கோ ஆணைக்குழுவிலிருந்து நீதிமன்றத்துக்குப் போனது. பிடித்தது அரசாங்கந்தான் என்று தீர்ப்பு வந்த அன்று, நான் அந்த வேலையை விட்டுக் கனகாலம் ஆன பிறகும், தேடிப்பிடித்து ரெலிபோன் எடுத்துச் சொன்னாள். பொடியன் கிடைக்கவில்லை, எலும்பும் கிடைக்கவில்லை, ஆனால் அவர்கள்தான் செய்தார்கள் என்று தீர்ப்பிலே இருக்கிறது என்றாள். நல்லது என்று சொன்னேன், மனமாரத்தான் சொன்னேன். பிறகு உன்னுடையது என்ன ஆயிற்று என்று கேட்டாள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதே அடுப்பில் கறி இருக்கிறது என்று போனை வைத்தேன்.