அப்பா தவறாக வாசித்த நிருபம்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகின்ற இந்நாளில், ஜெபத்துக்காக வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உங்கள் எல்லோருக்கும் மூத்த மகளாகிய நான் எழுதுவது. அப்பாவின் நற்குணங்களைத் தம்பி முன்பக்கங்களில் எழுதியிருக்கிறான். அவை யாவும் உண்மை. அவன் எழுதாமல் விட்ட ஒன்றை எழுதும்படி அப்பாவே என்னிடம் கேட்டுக்கொண்டார். "என்னப் பத்தி எழுதுனா அதையும் சேத்து எழுதும்மா. இல்லேன்னா ஒண்ணுமே எழுதாத" என்றார்.

அப்பா பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் ஒன்றில் பிறந்தார். ஒன்பது வயதில் தாயை இழந்தார். பதுளையில் மிஷன் விடுதி ஒன்று அவருக்குச் சோறும் எழுத்தும் கொடுத்தது. இருபத்திரண்டு வயதில் தெமோதரைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தில் சபை உபதேசியாராகச் சேர்ந்தார். பதுளையிலிருந்து போதகர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் அப்பாதான். காலையில் லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார்; மாலையில் வீடு வீடாகப் போவார். ஒருவர் வீட்டில் காய்ச்சல் என்றால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். அம்மா இளம் வயதில் இறந்த பிறகு எங்கள் இருவருக்கும் தலை பின்னுவதிலிருந்து எல்லாம் அவரே செய்தார். தம்பிக்குத் தலை பின்னத் தேவையில்லை என்பதை அவர் உணரவே சில நாள் ஆனது என்று சொல்லிச் சிரிப்பார்.

அறுபதுகளின் கடைசியில், எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது, மேல் லயத்துச் செல்லம்மா அக்கா எங்கள் சபைக் கோயிலுக்கு வரத் தொடங்கினார். அவருடைய தகப்பனார் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசை செய்பவர். கொழுந்து பறித்து முடித்த கூடையோடு ஜன்னலுக்கு வெளியே நின்று பாட்டுக் கேட்டவர், பிறகு உள்ளே வந்தார், பிறகு ஞானஸ்நானம் கேட்டார். கணவர் தடுக்கவில்லை. தகப்பனாரும், "மனசுக்கு எது நெறைவா இருக்கோ செய்யி தாயி" என்றாராம்.

தடுத்தது சபைதான். எங்கள் சபையின் பழைய குடும்பங்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். பொட்டை அழிக்க வேண்டும், தாலியை மாற்ற வேண்டும், பெயரை மாற்ற வேண்டும், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் கைநனைக்கக் கூடாது என்று சபை மூப்பர் நிபந்தனை போட்டார். அப்பா அதை ஏற்றுக்கொண்டது மட்டுமல்ல, அதற்கு வேத ஆதாரமும் காட்டினார். பவுல் எபேசு சபைக்கு எழுதிய நிருபத்தை எடுத்து, தூரத்தில் இருந்தவர்கள் சமீபமானார்கள் என்ற பகுதியை விளக்கி, "தூரத்த விட்டாத்தானே கிட்ட வர முடியும்?" என்று கேட்டார். செல்லம்மா அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஞானஸ்நானம் பெற்று ஐந்தாம் மாதம் அவருடைய தகப்பனார் இறந்தார். அவருக்கு இவர் ஒரே பிள்ளை. விடிந்ததும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, "ஐயா, ஒரு பிடி வாய்க்கரிசி மட்டும் போட்டுட்டு வந்துடுறேங்கய்யா" என்றார்.

அப்பா கையிலிருந்த வேதத்தை மூடி வைத்தார். பிறகு, "போக வேணாம்னு சொல்லலம்மா. சடங்குல கை வைக்கக் கூடாது. வச்சா திருவிருந்துக்கு வர முடியாது" என்றார். என்னைப் பார்த்து, "அக்காவுக்குத் துணைக்குப் போ" என்றார். துணைக்கு அல்ல, பார்த்துக்கொள்ளத்தான் அனுப்புகிறார் என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

அன்று முழுவதும் மூடுபனி. சவக்குழி தேயிலை மலையின் ஓரத்தில் வெட்டப்பட்டிருந்தது. நாங்கள் இருவரும் பாதை வளைவில், தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் நின்றோம். தப்பு மேளத்தின் சத்தம் மட்டும் பனிக்குள்ளிருந்து வந்தது. "பொண்ணு எங்க? பொண்ணக் கூப்புடு" என்று ஒரு குரல் கேட்டது. அக்கா அசையவில்லை. அவருடைய வலது கை மூடியிருந்தது. கூட்டம் கலைந்த பிறகுதான் திறந்தார். உள்ளங்கையில் வியர்வையில் ஊறிய அரிசி இருந்தது. அதைச் செடியடியில் உதறிவிட்டு நடந்தார்.

மேல் லயத்தில் அதன் பிறகு அவரோடு ஒருவரும் பேசவில்லை. அடுத்த திருவிருந்து ஞாயிறு போதகர் வந்திருந்தார். செல்லம்மா அக்கா எழுந்து முன்னால் வந்தபோது மூப்பரின் மனைவி அவர் தோளைத் தொட்டு, "நீ கடைசியா வாம்மா" என்றார். எல்லோரும் திராட்சரசத்தை ஒரே பாத்திரத்தில் குடித்தார்கள். அவர் சாதியைச் சேர்ந்த ஒருவர் குடித்த பிறகு குடிக்கப் பழைய குடும்பங்களுக்கு மனமில்லை. போதகருக்கு இது தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். அவர் பாத்திரம் துடைக்கும் துணியோடு அருகில்தான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்ததும் அக்கா அப்பாவிடம் வந்து, கோபமில்லாமல் கேட்டார்: "அங்கயும் எனக்குப் பந்தி இல்ல. இங்கயும் எனக்குப் பந்தி இல்ல. நான் எங்கங்கய்யா ஒக்காரணும்?"

அதன் பிறகு அவர் கோயிலுக்கு வரவில்லை. ஓராண்டுக்குள், தோட்டத் தமிழரைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தின்படி, அவர்கள் குடும்பத்துக்கு இந்தியா போகக் கடிதம் வந்துவிட்டது. தெமோதரை ஸ்டேஷனில் போகிறவர்களும் இருக்கிறவர்களும் கட்டிக்கொண்டு அழுத காலம் அது. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். செல்லம்மா அக்கா நெற்றியில் பொட்டு வைத்திருந்தார். அவரே அப்பாவிடம் வந்து, "போயிட்டு வரேங்கய்யா" என்றார்.

அப்பாவின் நிம்மதி அந்த ரயிலோடு போய்விட்டது. நானும் அக்காவும் அன்று நின்ற வளைவு வந்தால் நின்றுவிடுவார். பனி இறங்கிய ஒரு பிற்பகலில், "அங்க யாரோ நிக்கிறாங்க பாரு" என்றார். நான் பார்த்தேன். ஒருவரும் இல்லை. "போயிட்டாங்க" என்று அவரே சொல்லிக்கொண்டார். ஒரு முறை அல்ல, பல முறை. பிற்பாடு அந்த வளைவைத் தனியாகக் கடக்கும்போது நானும் அந்தப் பக்கம் பாராமல் நடக்கப் பழகினேன். இந்தியாவில் அவர்கள் இறங்கிய முகாமுக்கு அப்பா மூன்று கடிதங்கள் எழுதினார். ஒன்று திரும்பி வந்தது. மற்ற இரண்டும் என்ன ஆயின என்று தெரியாது.

அந்த நாட்களில்தான் அவர் எபேசு நிருபத்தைத் துண்டு துண்டாக அல்லாமல், ஒரு கடிதத்தை வாசிப்பதுபோல் முதலிலிருந்து கடைசிவரை திரும்பத் திரும்ப வாசித்தார். யார் எழுதியது, யாருக்கு எழுதியது, எங்கே இருந்துகொண்டு எழுதியது என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "நாம அந்தப் பக்கத்து ஆளுங்கம்மா" என்றார். எனக்குப் புரியவில்லை. அடுத்த ஞாயிறு புரிந்தது.

"இத்தன வருஷமா இதுல நாம யாருன்னு தப்பாப் படிச்சிட்டோம்" என்று தொடங்கினார். "கிட்ட இருந்தவங்க நாம, தூரத்துல இருந்தவ செல்லம்மான்னு நெனச்சோம். இது ஒரு யூதர், யூதரல்லாதவங்களுக்கு எழுதுன கடுதாசி. ஜெயில்ல இருந்து எழுதுறாரு. அவங்களையும் சரிசமமாச் சேத்துக்கணும்னு நின்னதாலதான் அந்த ஜெயிலே. நம்மள்ல யாரு யூதர்? மூப்பரோட தாத்தாவும் இல்ல, என் தாத்தாவும் இல்ல. நாம எல்லாருமே வெளிய நின்னவங்க. முதல்ல யூதனாயிட்டு அப்புறம் வான்னு நம்மகிட்ட யாரும் கேக்கல. நாம செல்லம்மாகிட்ட கேட்டோம். நான் கேட்டேன்."

மூப்பர் எழுந்தார். "விக்கிரகத்துக்குப் படைச்சதச் சாப்பிட வேணாம்னு எருசலேம்ல கூடி முடிவு பண்ணி எழுதினாங்களே உபதேசியார்? அது வேதத்துல இல்லியா?"

"இருக்குங்க. எதுக்காக எழுதினாங்க? ரெண்டு கூட்டமும் ஒரே பந்தியில ஒக்காரணும்னு எழுதினாங்க. நாம அதையே காட்டிப் பந்தியில இருந்து எழுப்பி விட்டோம். பேதுருவே அந்தியோகியாவுல யூதரல்லாதவங்க பந்திய விட்டு எழும்பிப் போனப்ப, அவர் மூஞ்சிக்கு நேரா பவுல் பேசினாரு. என் மூஞ்சிக்கு நேரா பேச இங்க யாரும் இல்ல. அவ ஒருத்திதான் பேசினா."

"அப்போ அந்தச் சாவுக்கு அவ போயிருக்கணும்ங்கிறீங்களா?"

"போயிருக்கணும். அரிசியும் போட்டிருக்கணும். நான் கூடப் போய் நின்னிருக்கணும்."

மூப்பர் குடும்பம் வெளியேறியது. பின்னாலேயே பாதிச் சபை வெளியேறியது. இரண்டு மாதத்தில் அப்பாவின் வேலை போனது, வேலையோடு வீடும் போனது. பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஹாஜியாரிடம் வேலை கேட்டுப் போனார். ஹாஜியார் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒங்கட விசயம் எனக்கு வெளங்காது. ஆனா தான் செஞ்சது பிழைன்னு பத்துப் பேருக்கு முன்னால ஒரு மனுசன் சொல்றது லேசில்ல. நாளைக்கே வாங்க" என்றார். மறுநாள் முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அப்பா அங்கே துணி அளந்து கிழித்துக் கொடுத்தார். எங்கள் இருவரையும் படிக்க வைத்தார்.

சில ஆண்டுகள் கழித்து, அந்தச் சபையில் இப்போது யார் முன்னே யார் பின்னே என்பதில்லை, எல்லோரும் கலந்தே திருவிருந்துக்கு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். நான் சந்தோஷத்தோடு அப்பாவிடம் சொன்னேன். அவர் துணியை மடித்துக்கொண்டே, "அவ இருந்தப்ப மாத்தியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

கடைசியில் பதினொரு நாள் பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தார். நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. எட்டாம் நாள் மத்தியானம் கண் விழித்து, என்னை உற்றுப் பார்த்து, "செல்லம்மா, வந்துட்டியா? ஒங்கப்பாவுக்கு அரிசி போட்டியாம்மா?" என்று கேட்டார்.

நான் அவர் மகள் என்று சொல்லியிருக்கலாம். அவர் என் கையைப் பிடித்திருந்த பிடி அப்படிச் சொல்ல விடவில்லை. "போட்டேங்கய்யா" என்றேன். அப்பாவின் முகம் தளர்ந்தது. அதன்பின் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என்னுடையதல்லாத ஒரு பதிலைக் கொடுத்து அப்பாவை அனுப்பி வைத்தேன். இந்த ஓராண்டில் அதை நினைக்காமல் ஒரு நாளும் போகவில்லை.

அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், பெட்டி சுமந்தவர்களுக்கும், அடக்கத்தன்று கடையை மூடிவிட்டு மகன்களோடு வந்து கல்லறைவரை நடந்த ஹாஜியாருக்கும், தெமோதரையிலிருந்து பஸ் பிடித்து வந்த பழைய சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலரின் சில பிரதிகள் இந்தியாவிலுள்ள உறவினர்களுக்கும் போகின்றன. நீங்கள் இருக்கும் பக்கத்தில் செல்லம்மா அக்காவை யாராவது அறிந்திருந்தால், இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மன்னிப்புக் கேட்டு இதை அனுப்பவில்லை. அப்பா இறந்த செய்தி அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு அழுவதா வேண்டாமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.