ஹலோக்காரர் சுரண்டச் சொன்ன இடம்

என் அக்கா வீட்டுக்காரரை மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஹலோக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டிகளுக்கு வயர்லெஸ் செட் மாட்டுவது அவர் தொழில். முப்பது வருஷமாக நாளைக்கு நூறு தடவை மைக்கைப் பிடித்து "ஹலோ, கேக்குதா?" என்று கேட்டே காலம் தள்ளுகிற மனுஷனுக்கு வேறென்ன பெயர் வரும்? எனக்கு அவர் அத்தான். வாயைத் திறந்தாலே "முடியலடா" என்பார். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதும் முடியல, டீ குடிக்கும்போதும் முடியல. சொல்லிவிட்டு சாயங்காலம் வரைக்கும் வேலை பார்ப்பார்.

உண்மையிலேயே முடியாதுதான், பாவம். தலை டாஷ்போர்டுக்கு அடியில், கால் கதவுக்கு வெளியே என்று மல்லாந்து கிடந்து கிடந்தே இடுப்பு போய்விட்டது. எழுந்திருக்கும்போது ஒரு கை ஸ்டியரிங்கைப் பிடிக்கும், இன்னொரு கை பக்கத்தில் யார் நின்றாலும் அவர்கள் தோளைப் பிடிக்கும். முன்கையில் கறுப்பு டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி வரிசையாக ஒட்டி வைத்திருப்பார். ராத்திரி சாப்பிட உட்காரும்போதும் இரண்டு துண்டு மிச்சமிருக்கும். அக்கா முணுமுணுத்துக்கொண்டே பிய்த்துப் போடுவாள்.

கடையில் அலமாரி மேல் ஒரு செட் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அவர் மாட்டிக் கொடுத்த வண்டிகள் எங்கே போனாலும் அதில் பேசலாம். ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அவருக்குக் கோபம் வரும். பேசி முடித்த பிறகும் மைக் பட்டனை அமுக்கியே வைத்திருந்தால் எதிர்ப்பக்கம் பேச முடியாது. "பேசினா போதுமாடா? பட்டனை விடு! எதிர்ல இருக்கறவன் பதில் சொல்ல வேணாமா?" என்று எத்தனை டிரைவர்களைக் காய்ச்சி எடுத்திருக்கிறார். நானும் வாங்கியிருக்கிறேன்.

அவருக்கு ஒரே மகள், நர்ஸ். போன வருஷம் அவளுக்கு மலைமேல் இருக்கும் மூன்று மருந்தகங்களையும் கொடுத்தார்கள். வாரம் இரண்டு நாள் மேலே போக வேண்டும். அவளைக் கூட்டிப்போகிற ஃபோர் வீல் டிரைவ் என்னுடையது, ஓட்டுவதும் நான்தான். தாய்மாமன் ஓட்டுகிறான் என்றதும் அக்காவுக்கு நிம்மதி. அத்தானுக்கு இல்லை. மூன்றாவது வளைவைத் தாண்டினால் போனில் சிக்னல் ஒரு கோடுகூட இருக்காது.

"நீ ஒழுங்கா ஓட்டுவ மாப்ள, தெரியும்," என்றார். "மலை ஒழுங்கா நிக்குமா?"

செட் தேர்ந்தெடுக்கிற அன்றைக்கு அவள் கலர் திரை வைத்த சின்ன செட்டைக் கையில் எடுத்தாள். "அப்பா, இதுல மேப் எல்லாம் வருது!"

"கையை அந்த வாளித் தண்ணில முக்கு. கண்ணை மூடிக்கோ. இப்போ சேனல் மாத்து."

அவள் தடவினாள். இருபது பட்டனில் எது எது என்று தெரியாமல் திரை வேறெங்கோ போய் நின்றது. பிறகு ஒரு பழைய மாடலை நீட்டினார். செங்கல் மாதிரி கனம், முன்னால் ஒரே ஒரு பெரிய திருகு குமிழ். கண்ணை மூடிக்கொண்டே மாற்றிவிட்டாள்.

"மேப் உங்க மாமன் தலைக்குள்ள இருக்கு. எனக்கு உன் குரல் வந்தா போதும்," என்றார்.

இது வரைக்கும் நல்லபடியாகத்தான் போயிற்று. நடுவில் புகுந்து கெடுத்தது நான்.

வண்டிக்கு அப்போதுதான் பச்சைப் பெயிண்ட் அடித்து எடுத்து வந்திருந்தேன். மூன்று வாரம் வொர்க்‌ஷாப்பில் கிடந்து வந்த வண்டி. முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு பளபளப்பு. அத்தான் பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்தார், ஃபியூஸ் வைத்தார், செட்டை டாஷ்போர்டுக்குக் கீழே முடுக்கினார். எல்லாம் சரி. கடைசியில் பானெட் ஓரத்தில் ஆண்டெனாவைத் தாங்குகிற பட்டையை மாட்ட வேண்டிய இடத்தில் உப்புத்தாளை வைத்தார்.

"அத்தான்! என்ன பண்றீங்க?"

"ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டணும். பட்டை தகரத்தைத் தொடணும்டா. இல்லேன்னா கடைவாசல்ல பேசும், மலைக்குப் பின்னாடி பேசாது."

"நேத்து அடிச்ச பெயிண்ட்! வேற வண்டியே கிடைக்கலையா உங்களுக்கு? அதெல்லாம் பேசும், சும்மா மாட்டுங்க!"

கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அது அன்றைக்கு அவருக்கு நான்காவது வண்டி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். எத்தனையோ முதலாளிகளோடு மல்லுக்கட்டிச் சுரண்டியவர், அன்றைக்கு உப்புத்தாளைப் பையில் போட்டார். "முடியலடா. உன் இஷ்டம்," என்றார். பெயிண்ட் மேலேயே பட்டையை முடுக்கினார். எந்த வண்டியையும் கல்குவாரிப் பள்ளத்துக்குள் இறக்கிப் பேசவைத்துப் பார்க்காமல் அனுப்பமாட்டார். அதையும் அடுத்த வாரம் பார்ப்போம் என்று விட்டுவிட்டார். கடைவாசலில் "ஹலோ, கேக்குதா?" என்றார், கணீரென்று கேட்டது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, காலை பதினோரு மணி, ஒன்பதாவது வளைவு. முன்னால் மலை சரிந்தது. பின்னால் எடுக்கலாம் என்று திரும்பினால் வந்த வழியும் இல்லை. நடுவில் ஒரு லாரி நீளத்துக்கு ரோடு, அதில் நாங்கள். மழை ஊற்றுகிறது, பள்ளத்துப் பக்கம் ரோட்டோரம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள்தான் மைக்கை எடுத்தாள்.

"அப்பா, கேக்குதா? அப்பா?"

பதில் இல்லை. பத்து நிமிஷம் கழித்து அவர் குரல் வந்தது. கடையில் இருப்பது கூரைமேல் உயர ஆண்டெனா வைத்த பெரிய செட், அவர் பேசுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஹலோ, பாப்பா. மலை சரிஞ்சுதுன்னு சொல்றாங்க. எங்கே இருக்கீங்க? கேக்குதா?"

"கேக்குது அப்பா! ஒன்பதாவது வளைவு!"

"ஹலோ, கேக்குதா?"

அவருக்கு எதுவும் போகவில்லை. அவர் கூப்பிட, இவள் பதில் சொல்ல, அவர் மறுபடி அதையே கேட்க, அரைமணி நேரம் இப்படியே போயிற்று. ஒவ்வொரு தடவையும் அவர் குரல் இன்னும் கொஞ்சம் தளர்ந்து வந்தது. இவள் தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தினாள். நான் பானெட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழையில் அந்தப் பாழாய்ப்போன பச்சை இன்னும் பளபளத்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்புறம் அவர் ஹலோ சொல்வதை நிறுத்திவிட்டார்.

"மாப்ள, நான் சொல்றதைக் கேளு. பதில் வரலேன்னா ரெண்டு காரணம்தான். ஒண்ணு அந்தப் பெயிண்ட். இன்னொண்ணை நான் நினைக்கப் போறதில்ல. அதனால நீங்க ரெண்டு பேரும் உயிரோட உக்காந்து நான் பேசறதைக் கேட்டுட்டிருக்கீங்க, அவ்வளவுதான். சீட்டுக்கு அடியில பத்தாம் நம்பர் ஸ்பானரும் ஸ்க்ரூ டிரைவரும் இருக்கு. எடுத்துட்டு இறங்கு."

இறங்கினேன். அவள் மழையில் ஒரு கையால் என் தலைக்கு மேல் மருந்துப் பெட்டியின் மூடியைப் பிடித்தாள், இன்னொரு கையால் கதவைத் திறந்து பிடித்தாள், குரல் வெளியே கேட்பதற்காக.

"ரெண்டு நட்டு. கீழ இருக்கறது இறுக்கமா இருக்கும், நான்தான் முடுக்கினேன். இப்போ வெரல்ல இடிச்சிட்டிருப்ப." இடித்துக்கொண்டிருந்தேன். "பட்டை வந்துடுச்சா? ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சுரண்டு. வெள்ளையா வரும், அது அடிப்பூச்சு, அதோட விட்டுடாத. அதுக்கும் கீழ தகரம் பளிச்சுனு தெரியணும். சுரண்டுடா. பெயிண்ட்டைப் பாத்து அழாத, நான் வேற அடிச்சுத் தர்றேன்."

ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, நான் செய்து முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று அங்கிருந்தே கணக்குப் போட்டுக் காத்திருந்தார். யாராவது கேட்கிறார்களா என்றே தெரியாமல் அப்படி நிதானமாகப் பேச எனக்கு வராது. சுரண்டினேன். அந்த இடம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. அத்தான் பெயிண்ட் டப்பாவோடு வந்தார், நான்தான் பூச விடவில்லை.

"இப்போ பட்டையை வச்சு முடுக்கு. பாப்பா கையில மைக்கைக் கொடு."

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். "அப்பா, ஒன்பதாவது வளைவு. மாமாவும் நானும் நல்லா இருக்கோம். ரோட்டோரம் உதிருது, சீக்கிரம் ஆள் அனுப்பச் சொல்லுங்க. கேக்குதா அப்பா?" சொல்லிவிட்டுப் பட்டனை விட்டாள்.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னாள். கூட இருந்த யாரிடமோ "ஒன்பதாவது வளைவு, ஓடு" என்று அவர் கத்துவது கேட்டது. அப்புறம் "கேக்குதும்மா," என்றார். "முடியலம்மா," என்றார்.

அதற்குப் பிறகு பேச்சில்லை. ஆனால் செட் அடங்கவும் இல்லை. ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது, அக்கா "அதைக் கீழ வைங்க, முதல்ல தண்ணி குடிங்க" என்பது கேட்டது, அத்தான் அழுவது கேட்டது. முப்பது வருஷமாக ஊரையே திட்டிய மனுஷன் அன்றைக்குப் பட்டனை விட மறந்துவிட்டார். அவர் விடுகிற வரைக்கும் எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது. அவள் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள்.