உள்ளிந்திரியம்

ஞாயிறு ஆராதனையில் போதகர், "வேதத்துல உள்ளிந்திரியம்னு வர்ற எபிரேயச் சொல்லுக்கு நேர் அர்த்தம் சிறுநீரகம். ரகசிய எண்ணமெல்லாம் அங்கதான் இருக்குன்னு நம்புனாங்க" என்றார்.

எனக்குத் திண்டுக்கல் வீட்டின் மாலை ஜெபம் நினைவுக்கு வந்தது. கர்த்தர் உள்ளிந்திரியங்களைச் சோதித்தறிகிறார் என்று வாசிக்கும்போதெல்லாம் அம்மா அப்பாவை முறைப்பாள். வாரந்தோறும் அய்யலூர் ஆட்டுச்சந்தைக்குப் போகும் அப்பா ஆடு வாங்கியதே இல்லை. சட்டையில் சாம்பிராணி வாசத்தோடு திரும்புவார்.

ஒருநாள் அம்மா வேதத்தை மூடிவிட்டு, "அங்கன எவ இருக்கா?" என்று கேட்டாள்.

"நீயே வந்து பாரு" என்றார் அப்பா.

மறுவாரம் மூவரும் அய்யலூர் போனோம். அப்பா நுழைந்த வீட்டில் சாமி படங்களுக்கு முன் சாம்பிராணி புகைந்தது. வேதக்காரியான அம்மாவைக் கட்டியதற்காக அப்பாவைத் தள்ளிவைத்த அவருடைய அக்கா, கைகால் விழுந்து படுத்திருந்தார். அப்பா கஞ்சி ஊட்டினார். அம்மா கிண்ணத்தை வாங்கினாள்.

"தள்ளுங்க. மதினிக்கு நான் ஊட்டுறேன்."

அத்தை வாயை இறுக்கிக்கொண்டு அம்மாவைச் சந்தேகமாகப் பார்த்தார். கஞ்சி ஆறிப்போன பிறகுதான் வாயைத் திறந்தார்.